மாப்பிள்ளை ஏன் கோல் அடிக்கவில்லை?

போன சனிக்கிழமை சாயங்காலம் நான் ஆண்கள் சலூனுக்குள் நுழைந்துவிட்டேன். கையில் ஒரு புட்போல் சோர்ட்ஸ்.

உள்ளே ஒருவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பெஞ்சில் இன்னும் சிலர். பேச்சு சட்டென்று நின்றது. சலூன்காரர் செல்வத்தின் கையில் இருந்த கத்தி அந்தரத்தில் நின்றது. இருக்காதா பின்னே? பக்கத்துக் கடையில்தான் இத்தனை வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன்... ஒரு நாளும் அந்தப் படியை மிதித்ததில்லை.

அன்றைக்கு மிதிக்க வேண்டி வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் தையல் கடை தெரியும். ராகலைக்குப் போகிற ரோட்டில், பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிறது. எனக்கும் சலூனுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூல் அறும். அதனால் சலூனில் நடக்கிற அத்தனை விவாதமும் எனக்கு இலவசம். அரசியல், கல்யாணம், காய்கறி விலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். முக்கால்வாசி நேரம் ஒரே விஷயம்தான் – புட்போல்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து அணியின் பெயர் மேல் டிவிஷன் யுனைட்டெட். ஒரு தோட்டத்தைப் பல டிவிஷனாகப் பிரித்திருப்பார்கள் அல்லவா? எங்களுடையது மேல் டிவிஷன், அதனால் அந்தப் பெயர். மேல் என்பது பெயரில் மட்டும்தான். ஆடுவது லீக்கின் மூன்றாம் டிவிஷனில், அதிலும் கடைசி இடத்தில். மூன்றாவதுக்குக் கீழே வேறு டிவிஷன் கிடையாது. அங்கிருந்தும் விழுந்தால் லீக்கை விட்டே வெளியே போக வேண்டியதுதான். பிறகு கோயில் திருவிழாவுக்கு நடக்கிற மேட்ச் மட்டும் மிஞ்சும்.

இந்த நிலைமையில்தான் எங்களுக்கு ஒரு புது ஸ்ட்ரைக்கர் கிடைத்தார். யாரும் தேடிப் போகவில்லை. கல்யாணத்தில் கிடைத்தார்!

எங்கள் டிவிஷனில் கொழுந்து பறிக்கிற ராசாத்தி அக்காவின் மகள் சசி கொழும்பில் கார்மென்ட் வேலைக்குப் போனாள். அங்கே மீன் லொறியோடு வந்து போகிற ஜெரோமைப் பார்த்தாள். மன்னார்க்காரப் பிள்ளை. இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கினார்கள், அப்புறம் இறக்கினார்கள். அங்கே சர்ச்சில் ஒரு கல்யாணம், இங்கே கோயிலில் ஒரு கல்யாணம். ராசாத்தி அக்காவுக்கு சசியை விட்டால் ஆளில்லை. அதனால் ஜெரோம் கடலை விட்டுவிட்டு மலைக்கு வந்தார். இப்போது ஓட்டோ ஓட்டுகிறார். வீட்டோட மாப்பிள்ளை.

நாள் குறிக்க வந்தபோதே அவரை ஒரு பிராக்டிஸ் மேட்ச்சில் சும்மா இறக்கிப் பார்த்தார்கள். அம்மாடி! கடற்கரை மணலில் ஓடி வளர்ந்த கால். பந்து அந்தக் காலை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அன்றைக்கு அவர் எத்தனை கோல் அடித்தார் என்பதில் செல்வத்துக்கும் எதிர்க்கடை நிஸ்தார் நானாவுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு அணியில் சேர்த்துவிட்டார்கள். ஜெர்சியும் சோர்ட்ஸும் நான்தான் அளவெடுத்துத் தைத்தேன்.

அதற்குப் பிறகு? ஒரு கோல் இல்லை.

முதல் மேட்ச்சில் கொஞ்சம் ஓடினார். அடுத்ததில் நடந்தார். அதற்கும் அடுத்ததில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தார். சலூனில் ஆராய்ச்சி ஆரம்பமானது.

"உயரந்தாங்க காரணம்," என்றார் செல்வம். அணியின் மேனேஜரும் அவர்தான். "கடல் ஓரத்துல ஓடுன ஆளு. இங்க மேல வந்தா மூச்சு வாங்காதா? நமக்கே லயத்து வீட்டுக்கு ஏறி வர்றப்ப வாங்குது."

"அப்ப அன்னிக்கு பிராக்டிஸ் மேட்ச்ல மட்டும் மலை கீழ எறங்கிருச்சா?" இது நிஸ்தார் நானா. எதிரில் பலசரக்கும் கோழியும் விற்கிறார். வியாபாரம் குறைந்த நேரமெல்லாம் சலூன் பெஞ்சில்தான் இருப்பார்.

"குளிருதான். ஸ்வெட்டர் போட்டு ஆட விட்டா என்ன?" என்றது ஒரு குரல்.

"பூட்ஸுங்க! வெறுங்காலு ஆளுக்குப் பூட்ஸ மாட்டிவிட்டா?" என்றது இன்னொன்று.

"நம்ம கிரவுண்டு ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கு. அவரு ஏத்தத்துல ஓடுறாரு."

"அடுத்த ஹாஃப்ல எறக்கத்துலதானே ஓடணும்? அப்பவும் ஓடலையே!"

கண்பட்டுவிட்டது என்றும் ஒரு கட்சி இருந்தது. அவர்கள் சொன்னபடி ஒரு மேட்ச்சுக்கு முன்னால் கோல் போஸ்ட் அடியில் எலுமிச்சங்காய் வெட்டி வைத்தார்கள். எங்கள் கோல் கீப்பர் அதில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். கோல். எதிர் அணிக்கு!

நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஜெர்சியின் கை நீளமாகிவிட்டதோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு சங்கடம். மற்ற பிள்ளைகள் பந்தைக் கோட்டை விட்டால் எங்கள் ஆட்கள் ஏசுகிற ஏச்சை இந்தப் பத்தியில் எழுத முடியாது. ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனால் இவர் மாப்பிள்ளை ஆயிற்றே! ராசாத்தி அக்கா வீட்டு மாப்பிள்ளை என்றால் டிவிஷனுக்கே மாப்பிள்ளைதான். எப்படி ஏசுவது? தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "மாப்ள... முடிஞ்சா கொஞ்சம் ஓடுங்களேன்," என்று கெஞ்சுவார்கள். "மாப்ள, பந்து ஒங்க பக்கந்தான் வருது, பாத்துக்கிருங்க," என்று தகவல் கொடுப்பார்கள். கோல் தவறினால், "பரவால்ல மாப்ள!" அவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வந்த மீதியை எல்லோரும் முழுங்கிக்கொண்டார்கள்.

இப்படியே லீக்கின் கடைசி மேட்ச் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, டயகம பக்கத்து அணியோடு. ஜெயித்தால் லீக்கில் இருப்போம். டிரா ஆனாலும் வெளியே.

சனிக்கிழமை சாயங்காலம் சசி கடைக்கு வந்தாள். கையில் அந்த சோர்ட்ஸ்.

"அக்கா, இடுப்பக் கொஞ்சம் பிரிச்சு விட்டுத் தாங்க. நாளைக்கு மேட்ச்."

"நான் அளந்துதானே தைச்சேன்? எலாஸ்டிக் வேற போட்டிருக்கே..."

"பத்தலக்கா."

நான் அளவு நாடாவை எடுக்கத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்துத்தானா பலகைக்கு அந்தப் பக்கம் செல்வத்தின் குரல் கேட்க வேண்டும்?

"நாளைக்கு மாப்பிள்ளைய உக்கார வச்சிருவோம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. வேற வழி இல்ல."

சசியின் முகத்தை நான் பார்த்திருக்கக்கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவரு அண்ணன் தெனமும் போன் பண்றாருக்கா. மீன் புடிக்கிற போட்டு சும்மா கெடக்கு, வந்துருன்னு. இவரு இதுவரைக்கும் முடியாதுன்னுதான் சொன்னாரு. ஆனா நேத்து என்கிட்ட கேக்குறாரு, இங்க நான் யாரு, சசி? பந்து ஒண்டுதான் எனக்கு இருந்தது, அதுவும் போனா நான் இங்க என்ன செய்யிறதுன்னு. வெளிய உக்கார வச்சாங்கன்னா போயிருவாருக்கா. நானும் போகணும். அம்மாவத் தனியா விட்டுட்டு எப்புடிப் போவேன்?"

 அழுகிறவர்களிடம் நம் ஆட்கள் எதைச் சொல்வார்களோ அதையே சொன்னேன்.

"அழாத புள்ள. நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்டுலதானே விருந்து? நாட்டுக்கோழி சொல்லி வச்சிருக்கேன். நல்லாச் சாப்புடச் சொல்லு, தெம்பா ஓடுவாரு."

சசி நிமிர்ந்து பார்த்தாள். "போன வாரம் செல்வம் மாமா வீட்டுலயும் இதயேதாங்கக்கா சொன்னாங்க."

நான் கையில் இருந்த சோர்ட்ஸைப் பார்த்தேன். சசியைப் பார்த்தேன். மறுபடி சோர்ட்ஸைப் பார்த்தேன்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு விருந்து வைப்பது தமிழர்கள் இருக்கிற இடமெல்லாம் உண்டு. ஆனால் எங்கள் தோட்டத்தில் வாரநாளில் யாருக்கு நேரம் இருக்கிறது? விடிந்தால் பெரட்டு – வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும். பிறகு மலையில் தேயிலை வேலை. இறங்கி வரும்போது உடம்பில் உயிர் மட்டும் இருக்கும். விருந்து வைக்க ஒரே நாள், ஞாயிற்றுக்கிழமை. ஒரே வேளை, மத்தியானம்.

மேட்ச் என்றைக்கு? ஞாயிற்றுக்கிழமை. எப்போது? சாப்பிட்ட கை காய்வதற்குள்!

நாட்டுக்கோழிக் குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, வடை, அப்பளம், பாயாசம். இலையை மூடக் கை போனால், "ஏன் மாப்ள, எங்க வீட்டுச் சாப்பாடு புடிக்கலையா?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. மறுசோறு விழும். அதற்கு மேல் ஒரு கரண்டி குழம்பும் விழும். அதையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, கையைக் கழுவிவிட்டு, அந்தப் பிள்ளை பூட்ஸ் மாட்ட வேண்டும்.

அவரை உட்கார வைத்து ஊட்டியவர்கள் யார்? சலூன் பெஞ்சில் உட்கார்ந்து உயரம், குளிர், பூட்ஸ் என்று ஆராய்ச்சி செய்த அதே ஆட்கள். நாளைக்கு ஊட்டப் போவது நான்!

அப்போதுதான் சலூனுக்குள் போனேன்.

சோர்ட்ஸை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். "இத இடுப்புல பிரிச்சு விடச் சொல்லி வந்திருக்கு. மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கலைங்க, வயிறு வாங்குது. மேட்ச் அன்னிக்கு மத்தியானம் விருந்து வச்சது யாரு யாரு? கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. நாற்காலியில் இருந்தவர் மட்டும் சோப்பு நுரைக்குள்ளிருந்து, "நாங்க ஆட்டுக்கறிங்க," என்றார்.

செல்வம் கத்தியை மேசையில் வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! நானே மூணு தரம் சோறு போட்டேனே... போதும்னு சொன்ன மனுசனுக்கு!"

நிஸ்தார் நானா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது.

"நானா, ஒங்களுக்கு முந்தியே தெரியுமா?"

"தெரியாம என்ன? யார் வீட்டுல விருந்துன்னு என் கடையிலதானே மொதல்ல தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஞாயித்துக்கெழம கோழி நல்லாப் போகுதே!" என்றார். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

செல்வம் மறுபடி மேனேஜர் ஆனார். "சரி, நாளைக்கு மாப்பிள்ளைய எறக்குவோம். ஆனா டெய்லர் அக்கா... ஒங்க வீட்டு விருந்து?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊருக்கு நியாயம் சொல்வது சுலபம்தான்.

வீட்டில் என் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "மத்தியானம்னு வெத்தலை வச்சுக் கூப்புட்டுட்டு, எலையில ஒண்ணும் போடாம அனுப்புனா ஊரு என்ன பேசும்? நாம கஞ்சப்பயலுகன்னு பேசும்." விருந்து உண்டு, மேட்ச் முடிந்து சாயங்காலம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். ஞாயிறு காலை முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு பேப்பர் வாசித்தார். அதுவும் பழைய பேப்பர்.

மத்தியானம் சசியும் ஜெரோமும் வந்தார்கள். இலை போட்டேன். வாட்டிய ரொஸ் பாண், அதாவது பிரெட், இரண்டு துண்டு, வாழைப்பழம், பாலில்லாத பிளேன்டீ. வாழ்நாளில் ஓர் இலையைப் பார்த்து நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அடுப்படியில் குழம்பு வாசம் வேறு ஊரைக் கூட்டுகிறது.

ஜெரோம் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா... இவ்வளவுதானோ?"

"இல்ல தம்பி, மேட்ச் முடிஞ்சதும் நல்லா..." அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினேன்.

"உண்மையாவோ? இப்ப வேற ஒண்டும் இல்லையோ?"

"இல்ல தம்பி."

கை கூப்பிவிட்டார் அந்த மனிதர்! "நீங்க நல்லா இருக்கோணும் அக்கா. வேண்டாம் எண்டு சொன்னா உங்கட ஆக்களுக்கு மனம் நோகும் எண்டு நான் வாய் திறக்கேல்ல. போன கிழமை மூண்டாந்தரம் சோறு போடேக்க எனக்கு அழுகையே வந்திட்டுது."

என் வீட்டுக்காரர் பழைய பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இன்னொரு பழம் எடுத்துக்கிருங்க," என்று நீட்டினார். நான் முறைத்தேன். பழத்தைத் திரும்ப வைத்துவிட்டார்.

மேட்ச் ஆரம்பித்தபோது லேசாகப் பனிமூட்டம். எங்களுக்கு அது புதுசா? கிரவுண்டுக்கு மேலே தேயிலைச் சரிவில் டிவிஷனே கூடியிருந்தது. ஜெரோம் ஓடினார். உண்மையாகவே ஓடினார்! செல்வத்துக்கு நிற்க முடியவில்லை, கோட்டோரமாக அவரும் கூடவே ஓடினார்.

ஆனால் கோல் வரவில்லை. முதல் பாதி போயிற்று. இரண்டாம் பாதியிலும் பாதி போயிற்று. அப்போது எதிர் அணியின் கீப்பர் பந்தைத் தட்டிவிட்டு விழுந்தார். பந்து உருண்டு வந்து ஜெரோமின் காலடியில் நின்றது. முன்னால் ஆள் இல்லாத கோல். நான் அடித்தால்கூடப் போயிருக்கும்.

அடித்தார். பந்து மேலே போய் தேயிலைக்குள் விழுந்தது.

சரிவு முழுக்க ஒரு பெருமூச்சு. "பரவால்ல மாப்ள..." என்று சில குரல்கள், செத்த வீட்டில் பேசுகிற மாதிரி. ஜெரோம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். என் பக்கத்தில் சசி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது ராசாத்தி அக்கா எழுந்தார்.

ராசாத்தி அக்கா யார்? மாப்பிள்ளை எதிரில் வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பவர். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதென்றால்கூட, "சசி, அவருக்கு வேணுமான்னு கேளு," என்பார். நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ராசாத்தி அக்கா எழுந்து, இடுப்பில் கை வைத்து, மலையில் அடுத்த தேயிலை நிரைக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிற குரலில் கத்தினார்.

"யோவ் ஜெரோமு! கண்ண எங்கய்யா வச்சிருக்க? அத அடிக்கத்தானேய்யா ஒன்ன அங்க நிப்பாட்டியிருக்கு!"

கிரவுண்ட் அடங்கிவிட்டது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார். ராசாத்தி அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். செய்த காரியம் அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

ஜெரோம் சரிவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சிரித்தார்... வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. "ஓடுடா ஜெரோமு!" இது செல்வம். "டேய், எடது பக்கம் போடா! எத்தன கோழி தின்ன!" இது யாரென்று தெரியவில்லை. இத்தனை வாரமாக முழுங்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அதில் பாதியை ஆசிரியர் வெட்டுவார் என்பதால் நானே வெட்டிவிட்டேன். ஏச ஏச அந்த மனிதர் ஓடுகிறார்! எங்கள் கீப்பர் பனிமூட்டத்துக்குள்ளிருந்து நீளமாக ஒரு பந்தை உதைத்தார். எட்டாது என்று எதிர் அணிப் பையன் நின்றுவிட்டான். ஜெரோம் நிற்கவில்லை. எட்டினார், கீப்பரைச் சுற்றினார், இடது காலால் தள்ளினார்.

கோல்.

சசி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இதைச் சொல்ல என்ன வெட்கம்? ராசாத்தி அக்கா மட்டும் அழவில்லை, புலம்பிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை என்ன நெனைப்பாரோ... மாப்பிள்ளை என்ன நெனைப்பாரோ..."

என்ன நினைத்தார் என்பது சாயங்காலம் எங்கள் வீட்டு இலைக்கு முன்னால் தெரிந்தது. ஜெயித்த அணி, லீக்கில் தப்பித்த அணி, முழுசும் என் வீட்டு வாசலில் இருந்தது. ஜெரோமின் போன் அடித்தது. மன்னாரிலிருந்து அண்ணன். குழம்புக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எடுத்தார்.

"இல்லையண்ண, நான் வரேல்ல. போட்டை வேற ஆருக்கும் குடுங்கோ." ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் பேச்சு. "இல்லையண்ண, ஒருத்தரும் பிடிச்சு வைக்கேல்ல. இண்டைக்கு மாமி எனக்கு எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டா. ஓம்... பேரைச் சொல்லி! இனி நான் எங்க போறது?"

அடுப்படி வாசலில் ராசாத்தி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஒதுங்கத்தான் மூடினார் என்று நாங்கள் எல்லோரும் நம்புவதாகக் காட்டிக்கொண்டோம்.

நாங்கள் அந்தப் பிள்ளைக்கு என்ன குறை வைத்தோம்? ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் பிரச்சினை. மரியாதை, மரியாதை என்று கடைசி வரைக்கும் விருந்தாளியாகவே உட்கார வைத்திருந்தோம். விருந்தாளிக்குக் கோழி கிடைக்கும், ஏச்சு கிடைக்காது. ஏச்சு வாங்க ஒரு உரிமை வேண்டும். அதைக் கொடுக்கத் தெரிந்தவர் எங்கள் டிவிஷனில் ஒரே ஒருவர்தான் – அதுவும் வாய் தவறி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கப் மேட்ச். சலூனில் இப்போது வேறு பேச்சு. எதிர் அணியின் சென்டர் ஃபார்வர்ட் பெரிய ஆட்டக்காரராம், நிறுத்தவே முடியாதாம். ஆனால் போன வாரம்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது... எங்கள் லயங்களில் அவருக்கு ஒன்றுவிட்ட மாமாவோ சித்தியோ யாராவது இருக்கிறார்களா என்று வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.